வாழை இலையில் ஒரு வாக்கெடுப்பு

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. பரவாயில்லை, நீங்கள் வேலை பார்க்கும் கட்டடங்களுக்கு என்னைத் தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் பழைய அலுவலகம் எதிலாவது கூரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். படிய வாரிய தலை மாதிரி நேராக ஒரு கேபிள் கட்டு போகிறதா? அது என் கை. பக்கத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் மாதிரி சிக்கலாக ஒன்று கிடக்கும். அது எனக்குப் பிறகு வந்தவர்கள்.

பதினாலு வயதில், படிவம் இரண்டோடு, பள்ளிக்கூடமும் நானும் ஒத்துவராமல் பிரிந்துவிட்டோம். ஏணி தூக்கினேன், கேபிள் இழுத்தேன், ரௌட்டரைத் துடைத்தேன், பிறகு அதனோடு பேசவும் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. என் கீழே மாஸ்டர்ஸ் படித்தவர்கள் வேலை பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

நம் நெட்வொர்க் சங்கத்து மலருக்கு எழுதக் கேட்டபோது, ரௌட்டரை அமைப்பது பற்றி எழுதட்டுமா என்றேன். "அது புத்தகத்துலயே இருக்கு அண்ணே. புத்தகத்துல இல்லாதத எழுதுங்க" என்றார்கள். புத்தகத்தில் இல்லாதது என்றால், ஒரு சான்றிதழ் தரநிலையை நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலையை மடித்து முடிவு செய்த கதைதான்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இணையம் என்பது ஆயிரமாயிரம் நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, என் வழியாக வாருங்கள்" என்று கூவிக்கொண்டிருப்பது. பாசார் சந்தையில் மீன் விற்பவர்கள் கூவுவது போலத்தான். பல காலம் யார் கூவினாலும் நம்பினோம். ஒருவன் தெரியாமலோ வேண்டுமென்றோ இன்னொருவன் முகவரியைத் தன்னுடையது என்று கூவிவிட்டால், கிள்ளானில் ஒரு லோரிக் கம்பெனிக்கு வர வேண்டிய தகவல் வேறு கண்டத்தைச் சுற்றப் போய்விடும். அதைத் தடுக்க வந்ததுதான் டிஜிட்டல் சான்றிதழ். இன்ன முகவரியை இன்ன நெட்வொர்க்தான் கூவலாம் என்று கையெழுத்தோடு சொல்லும் பத்திரம். ரௌட்டர் அதைச் சரிபார்த்துக்கொள்ளும்.

நம் தாமான் குடியிருப்புகளின் வாசலில் தடுப்புக் கட்டை போட்டு ஒரு காவலாளி நிற்கிறாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான அட்டையோடு வந்தால் கட்டையைத் தூக்குவார். பொய் அட்டை என்றால் திருப்பி அனுப்புவார். இந்த இரண்டிலும் யாருக்கும் சண்டை இல்லை. அட்டையே இல்லாமல் ஒருவன் வந்தால்? எங்கள் சண்டை முழுக்க அதில்தான்.

நம் வட்டாரத்து நெட்வொர்க்குகள் இதில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரைவு தயாரானது. அதைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து, தரநிலை வகுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு முடிவு சொல்ல ஒரு சிறிய குழு. தலைவர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதவராக இருக்க வேண்டும், எல்லாரையும்விட மூத்தவராக இருக்க வேண்டும், வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்று தேடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த மூன்றும் சேர்ந்து இருந்த ஆள் நான் ஒருவன்தான். தேடவே வேண்டியதில்லை, நேராக வந்திருக்கலாம்.

வரைவை எழுதியவர் டாக்டர் பிரகாஷ். மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். வயது குறைவு, அறிவு அதிகம், மரியாதை அதைவிட அதிகம். ஷா ஆலமிலிருந்து ஹபீஸ் வருவார். அங்குள்ள ஒரு தொழிற்பேட்டையின் நெட்வொர்க் அவர் பொறுப்பு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டேட்டா சென்டரைப் பார்த்துக்கொண்டவர் லிம். கிள்ளானில் தமிழர் தெருவில் வளர்ந்த சீனர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான்காவது ஆள் அமுதா.

அமுதா கிள்ளானில் கணினி பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கி, சொந்தமாக இணையச் சேவை கொடுக்கும் அளவுக்கு வந்தவள். லோரிக் கம்பெனிகள், டியூஷன் சென்டர்கள், ஒரு டயாலிசிஸ் மையம் என்று அவளை நம்பிப் பலர் இருந்தார்கள். அவளுடைய முகவரிகள் எப்போதோ மூடப்பட்ட ஒரு கம்பெனியிடம் வாங்கியவை. அந்தக் கம்பெனியும் இல்லை, கையெழுத்துப் போட்டவரும் இல்லை. அவை தன்னுடையவைதான் என்று நிரூபிக்க அவள் அலைந்துகொண்டிருந்தாள். அது முடியும்வரை அவளுக்குச் சான்றிதழ் கிடையாது. டாக்டரின் வரைவிலோ ஒரு பிரிவு இருந்தது: சான்றிதழ் இல்லாத பாதை எதையும் ஏற்கக் கூடாது. அது நிறைவேறினால் அமுதாவின் நெட்வொர்க் கிள்ளானில் விளக்கெரிந்துகொண்டு இருக்கும், ஆனால் வெளியே ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

இதை அவள் எனக்குப் போனில் சொன்னாள்.

"அந்தப் பிரிவு வந்துச்சுன்னா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான் அண்ணே."

"இத மீட்டிங்ல சொல்லும்மா."

"எப்படிண்ணே சொல்றது? அந்தத் தம்பி அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கு. மூஞ்சிக்கு நேரா எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?"

எனக்கு மனசு அவள் பக்கம்தான். இந்த நாட்டு ரயில் பாதைக்குக் கல் கொட்டிய என் அப்பாவுக்குச் சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். அட்டை இல்லாதவனெல்லாம் திருடன் இல்லை என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். ஆனால் தலைவர் வாக்களிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. நல்ல விதி. நான் போட்டது.

வாயைத் திறக்காத வியாதி அமுதாவுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குழு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு குளிர்சாதன அறையில் கூடும். "இந்தப் பிரிவுக்கு யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?" என்பேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்ப்பார்கள். கல்யாணப் போட்டோவுக்கு நிற்பது மாதிரி. கூட்டம் முடிந்து லிஃப்ட் கதவு மூடியதும் லிம் ஆரம்பிப்பார்: "என்னா அண்ணே அந்தப் பிரிவு, சுத்த மோசம் லா." கீழே கார் நிறுத்துமிடத்தில் ஹபீஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதையே மலாயில் சொல்வார். மறுநாள் வாட்ஸ்அப்பில் எல்லாரும் டாக்டருக்குக் கட்டைவிரல் அனுப்புவார்கள்.

என் முதல் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். மேலாளர்கள் கூட்டத்தில் எல்லாரும் ஊமையாக உட்கார்ந்திருந்தால் எழுந்து போய் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு வருவார். "இப்பப் பாரு, எல்லாருக்கும் வாய் வந்துரும்" என்பார். வரும். ஆனால் அதற்காகவே அவரை ஒருமுறை வேலையிலிருந்து தூக்கினார்கள், ஆகவே அந்த வழி எனக்கு ஒத்துவராது.

டாக்டர்தான் ஒரு யோசனை சொன்னார். இந்த மாதிரி தரநிலைகளை உருவாக்கும் வெளிநாட்டுக் கூட்டங்களில் கை தூக்குவது இல்லையாம். ஆதரிப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு முனகுவார்களாம். யார் முனகினார்கள் என்று தெரியாது, சத்தத்தின் அளவை வைத்துத் தலைவர் முடிவு சொல்வாராம். சரி, செய்து பார்ப்போம் என்றேன். "ஆதரிக்கிறவங்க முனகுங்க." அறையில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும். "எதிர்க்கிறவங்க முனகுங்க." அதே குளிர்சாதனப் பெட்டி. ஒரு முறை மட்டும் நல்ல கனமான முனகல் கேட்டது. மகிழ்ச்சியோடு பிரிவு நிறைவேறியது என்று அறிவித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது மேசைமேல் அதிர்ந்த லிம்மின் கைப்பேசி. கூப்பிட்டது அவர் மனைவி.

அந்த வாரம்தான் என் மூளை வேலை செய்தது. பிரிக்பீல்ட்ஸில் மரகதம் என்ற அம்மாள் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையைக் கண்டுபிடித்தது நான்தான். எனக்கு முன்பும் கூட்டம் இருந்தது என்பது வேறு விஷயம். அன்றைக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பிட்டு முடித்து, இலையை அந்தப் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனார். மரகதம் அதைப் பார்த்தார். பார்த்ததும் நேராகச் சமையலறைக்குள் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை இல்லை, முகச்சுளிப்பு இல்லை, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் உங்களுக்குத் தெரியாததில்லை. சாப்பாடு திருப்தி என்றால் இலையின் மேல் பாதியை நம் பக்கம் மடிப்போம். குறை என்றால் கீழ்ப் பாதியைத் தூக்கி அந்தப் பக்கம் மடிப்போம். முனக வேண்டாம், பேச வேண்டாம், எவர் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தை மரகதம் கடையின் பின்னறைக்கு மாற்றினேன். சாப்பிட்டுக்கொண்டே ஒரு பிரிவைப் பேசுவது, நான் "மடிங்க" என்றதும் ஆதரிப்பவர் தம் பக்கம் மடிப்பது, எதிர்ப்பவர் அந்தப் பக்கம் மடிப்பது. ஹபீஸும் லிம்மும் உடனே சரி என்றார்கள். டாக்டர் தயங்கினார்.

"அங்கிள், வெளிநாட்டுக்காரங்க எப்படி முடிவெடுத்தீங்கன்னு கேட்டா?"

"முனகினோம்னு சொல்லு."

வேலை எப்படி ஓடியது என்கிறீர்கள்! குளிர்சாதன அறையில் மாதக்கணக்கில் நகராத பிரிவுகள் மதியச் சாப்பாட்டில் முடிந்தன. சான்றிதழின் காலம் எவ்வளவு, திரும்பப் பெறுவது எப்படி, எல்லாம் இலையில். ஹபீஸ் தன் வீட்டிலிருந்தே இலை கொண்டுவரட்டுமா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். கடைசியாக மிஞ்சியது அமுதாவின் கழுத்தில் கிடந்த அந்தப் பிரிவு ஒன்றுதான்.

அந்த நாள் வந்தது. எங்களுக்கு முக்கியமான நாள் என்று கேள்விப்பட்டு மரகதம் பின்னறையில் வேறு யாரையும் விடவில்லை. கேட்காமலேயே இரண்டு கறி அதிகம் வைத்தார். சமையலறைக்குப் புதிதாக ஒரு சமையல்காரர் வந்திருந்தார். நான் நன்றாகச் சாப்பிட்டேன். ரசம் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன். மற்றவர்கள்தான் ஒரு மாதிரி இருந்தார்கள். ஹபீஸ் ஒரு வாய் சோற்றுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். லிம் மோர் கேட்டார், மறுபடி மோர் கேட்டார், பிறகு மோர்ப் பாத்திரத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டார். டாக்டருக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது. தன் பிரிவு மேல் அவருக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். அமுதா ஒன்றும் சாப்பிடவில்லை. சோற்றைத் தயிரில் பிசைந்து பிசைந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பிரிவைப் படித்தார். நான் வழக்கம்போல ஆட்சேபம் கேட்டேன். எல்லாரும் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

"சரி, மடிங்க."

இலைகள் சலசலத்தன. எழுந்து நின்று பார்த்தேன். ஹபீஸ், அந்தப் பக்கம். லிம், அந்தப் பக்கம். டாக்டர், அந்தப் பக்கம்! தானே எழுதிய பிரிவுக்கு எதிராக, அதுவும் இலை கிழியும் அளவுக்கு அழுத்தி மடித்திருந்தார். அமுதா மட்டும் தன் பக்கம், அழகாக, ஓரம் ஓரத்தோடு சேர, மடித்து வைத்திருந்தாள்.

நாற்பது கேபிளில் எது அறுந்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்லக் கூடியவன் நான். எனக்கே தலை சுற்றியது. ஆனால் தலைவர் குழம்பியதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பிரிவு நிராகரிக்கப்பட்டது" என்றேன்.

டாக்டர் துள்ளி எழுந்தார். "அங்கிள், ஒரு நிமிஷம்! நான் பிரிவுக்கு மடிக்கல!"

"பின்ன எதுக்கு மடிச்சீங்க?"

"அது வந்து... இந்த..." என்று ரசக் கிண்ணத்தைக் கண்ணால் காட்டினார். அப்போதுதான் பாயசத்தோடு மரகதம் உள்ளே வந்தார். வந்தவர் இலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, எல்லாரும் அந்தப் பக்கம் மடிச்சிருக்கீங்க? சாப்பாட்டுல ஏதாச்சும் கொறையா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மரகதத்தின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

நெருக்கடியில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மறு வாக்கெடுப்பு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் பிரிவு தேறியிருக்கும், அமுதா அன்றைக்கே போயிருப்பாள். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நீ நில்லும்மா, சாட்சி வேணும்" என்று மரகதத்தை நிறுத்தினேன். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். "ஹபீஸ், உண்மையைச் சொல்லுங்க. நீங்க மடிச்சது பிரிவுக்கா, சாப்பாட்டுக்கா?"

ஹபீஸ் மரகதத்தைப் பார்த்தார். "சேடாப், காக்! சேடாப்!" என்று மலாயில் ருசியைப் புகழ்ந்து இரண்டு கட்டைவிரலையும் தூக்கினார். "சாப்பாட்டில் குறையே இல்லை. பிரிவைத்தான் எதிர்க்கிறேன்."

"காரணம்?"

இங்கேதான் மாட்டினார். பொய் சொன்ன வேகத்தில் காரணம் தேட வேண்டியதாயிற்று. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். அவர் பேசியதை உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். "எங்க பேட்டையில பாதி ஃபேக்டரிக்குச் சான்றிதழ் இல்ல அங்கிள். வாங்கச் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். இந்தப் பிரிவு வந்தா ஒரே காலையில எல்லாருக்கும் லைன் போயிரும். எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"இத ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"ஷா ஆலம் மட்டும்தான் பின்தங்கியிருக்குன்னு நெனச்சேன்."

அடுத்து லிம். "அக்கா, சாப்பாடு சூப்பர், அடிச்சுக்க ஆளில்ல" என்று மோர்ப் பாத்திரத்தை மெல்ல மேசைக்கு அடியில் மறைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "பிரிவுதான் அண்ணே சரியில்ல. போன சீனப் புத்தாண்டுக்கு எங்க சான்றிதழ் காலாவதி ஆயிருச்சு. புதுப்பிக்கிற ஆளு ஈப்போவுல மாமியார் வீட்டுல உக்காந்து லொங்கான் பழம் தின்னுக்கிட்டிருந்தான். காலாவதி ஆனா சான்றிதழ் இல்லாத கணக்குத்தானே? அதனால லைன் பாட்டுக்கு ஓடிச்சு, ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பிரிவு அப்ப இருந்திருந்தா, பெருநாள் முழுக்க நாங்க காணாமப் போயிருப்போம் லா."

"இத எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"காலாவதி ஆகவிட்டோம்னு யாராச்சும் வெளிய சொல்வாங்களா அண்ணே?"

மிச்சம் டாக்டர். மரகதம் அவர் பக்கத்தில்தான் பாயசக் கரண்டியோடு நின்றிருந்தார். "தம்பிக்கு எப்பவும் எங்க ரசம்னா உயிரு" என்றார்.

"ரசம் பிரமாதம் அக்கா" என்றார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். "அங்கிள், எனக்கும் அந்தப் பிரிவுல ஒரு சந்தேகம் இருக்கு."

"நீங்க எழுதினதுலயே?"

"ஆமா. சான்றிதழ்களை வச்சிருக்கிற கணினிக்குப் போகவும் இணையம்தான் வழி. ஏதோ காரணத்துல அந்த வழிக்கே சான்றிதழ் இல்லாமப் போச்சுன்னு வைங்க. பிரிவுப்படி அந்தப் பாதைய வெட்டிடுவோம். பாதை இல்லாம சான்றிதழ எடுக்க முடியாது. சான்றிதழ் இல்லாம பாதையத் திறக்க முடியாது."

"சாவிய உள்ள வச்சுக் கதவச் சாத்துற மாதிரி" என்றார் லிம்.

"அதேதான்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"எழுதி முடிச்சதுமே தெரியும் அங்கிள். முதல் கூட்டத்துலயே யாராச்சும் கேப்பீங்கன்னு பதில் தயார் பண்ணிட்டு வந்தேன். ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் சிரிச்சீங்க. சரி, நான்தான் தேவையில்லாம யோசிக்கிறேன்னு விட்டுட்டேன்."

எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது. என் பழைய சூப்பர்வைசர் இருந்திருந்தால் புரிந்திருக்கும். யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

அப்புறம் அமுதாவிடம் திரும்பினேன். தலைவர் என்றால் எல்லாரையும் கேட்க வேண்டும். "நீ ஒருத்திதான் பிரிவை ஆதரிச்சிருக்கே. காரணம்?"

அவள் தன் இலையை அப்போதுதான் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணே... கை தானா மடிச்சிருச்சு. அந்தப் பக்கம் மடிச்சா சோறு போட்டவங்க மனசு நோகும்னு சின்ன வயசுலேருந்து பழக்கம்... எனக்குச் சான்றிதழே இல்லண்ணே! இந்தப் பிரிவு வந்தா முதல்ல போறது நான்தான்!"

"அமுதாக்கா!" என்றார் டாக்டர். "இத ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கஷ்டப்பட்டு எழுதினீங்களே தம்பி."

டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பி மடிக்கட்டுமா அண்ணே?" என்றாள் அமுதா.

"மடிச்சது மடிச்சதுதான்" என்றேன். விதியை நானே உடைத்தால் அப்புறம் அது எதற்கு? ஆகவே எங்கள் முடிவு இப்படிப் பதிவானது: சான்றிதழ் இல்லாத பாதையை வெட்டும் பிரிவு நிராகரிக்கப்பட்டது. எதிர்ப்பு: அதை எழுதியவர் உட்பட மற்ற எல்லாரும். ஆதரவு: சான்றிதழ் இல்லாத கிள்ளான் நெட்வொர்க்.

இவ்வளவு நேரமும் நாங்கள் எதற்குச் சண்டை போடுகிறோம் என்று மரகதத்துக்குப் புரியவில்லை. சாப்பாடு சூப்பர் என்கிறார்கள், இலை வேறு சொல்கிறது. ரசத்தைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டேய், ரசத்துக்கு உப்பு போட்டியா?"

"போட்டேன்க்கா" என்றது சமையலறை. "நீங்க போடலன்னு நெனச்சேன்."

"நானும் நீ போடலன்னுதான்டா போட்டேன்! சாம்பாரு?"

"அதுலயும்தான்க்கா."

மரகதம் எங்கள் பக்கம் திரும்பினார். அதுவரை யாரிடமும் அந்த அம்மாள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "இதையா சூப்பருன்னீங்க? படிச்சவங்க, பெரிய பெரிய வேல பாக்குறவங்க, ஒருத்தருக்காச்சும் வாயி இருக்கா? மொத வாயிலயே 'அக்கா, உப்பு' அப்படின்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா வேற ரசம் வச்சுக் கொடுத்திருப்பேனே! இலைய மடிச்சு வச்சா நான் என்னன்னு எடுத்துக்கறது? உப்புங்கறதா, புளிங்கறதா, நான் பரிமாறினது சரியில்லைங்கறதா?" கடைசியாக என்னைப் பார்த்தார். "நீங்க வேற ரெண்டாந்தடவ வாங்கிக் குடிச்சீங்க!"

"எனக்கு நல்லாத்தான்மா இருந்துச்சு" என்றேன். உண்மை. கருவாட்டில் வளர்ந்த நாக்கு.

அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து, டாக்டர் அந்தப் பிரிவைத் திருத்தி எழுதினார். பொய்ச் சான்றிதழ் என்றால் வெட்டு. சான்றிதழே இல்லையென்றால் போகவிடு. அதே முகவரிக்குச் சான்றிதழோடு வேறு பாதை இருந்தால் அதற்கு முதலிடம் கொடு. பழைய முகவரி வைத்திருப்பவர்கள் பத்திரத்தைச் சரிசெய்ய அவகாசம் கொடு. அமுதா முதல்முறையாக ஆட்சேபிக்க வாயைத் திறந்து, அவகாசம் போதாது என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே நீட்டினார். வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து பதில் வந்தபோது, முடிவைப் பாராட்டியிருந்தார்கள். தனி ஆளாக நின்று கடுமையான பாதுகாப்பை ஆதரித்த கிள்ளான் அம்மையாரின் கொள்கைப் பிடிப்பையும் மதிப்பதாக ஒரு வரி இருந்தது. அமுதா அதைக் கடையில் மாட்டி வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் கேட்டால் சும்மா சிரிக்கிறாள்.

அந்த முறையை உருவாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், இலை ஓட்டு நல்ல முறைதான். முனகுவதைவிட நூறு பங்கு மேல். ஆனால் எதிர்ப்பு இருக்கிறது என்று மட்டும்தான் இலை சொல்லும். எதில் எதிர்ப்பு என்று சொல்ல வாய் வேண்டும். நீங்கள் இனி எத்தனையோ வரைவுகளை ஆராயப் போகிறீர்கள். எழுதியவர் முன்னால் உட்கார்ந்திருப்பார், நல்ல மனுஷராக இருப்பார், உங்களுக்குச் சிரிக்கத் தோன்றும். அவரும் யாராவது கேட்பார்களா என்றுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச காலம் கழித்து அமுதாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. பழைய கம்பெனியில் கையெழுத்துப் போட்டவரின் மகனைக் காஜாங்கில் தேடிப் பிடித்தாள், அது தனிக் கதை. எல்லாருக்கும் மரகதம் கடையில் அவள் செலவில் சாப்பாடு. அதே பின்னறை, அதே ஆட்கள். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் எல்லார் கையும் இலைக்குப் போனது. ஹபீஸ் தன் பக்கம் மடித்தார். லிம்மும் டாக்டரும் அப்படியே. அமுதா மட்டும் மடிக்கவில்லை. இலையை விரித்தபடியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். மரகதம் பாயசத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள். "ரசத்துல மட்டும் கொஞ்சம் உப்பு."

ஹபீஸ் மடித்த இலையை மெல்லத் திறந்தார். மரகதம் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு ரசத்தை எடுத்து ருசி பார்த்தார்.

"ஆமா" என்றார். "உப்புதான்." திரும்பி உள்ளே போனார்.

எனக்கு உப்பு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் இரண்டாம் டம்ளர் ரசத்தை முடித்திருந்தேன்.